யாருமற்ற முற்றம்

– ‘அன்று அந்த முற்றத்தில் மனிதர் எவரும் இல்லை. சாட்சி சொல்ல ஒரு நிழல்கூட மிஞ்சவில்லை. மனிதகுலம் விடைபெற்றுப் போன பின் பூமியில் எஞ்சும் அந்தப் பேரமைதியின் முன்னே, மா யூரிம் என்னும் புகைப்படக் கலைஞர் தன் கேமராவை வைத்துவிட்டு மண்டியிட்டார்.’ இதுதான் முன்னுரையின் முதல் பத்தி.

– பேரமைதி இருக்கட்டும் சார், முதல்ல கதவைச் சாத்துங்க. குளிர்காத்து பட்டா இவ தலையில மருந்து பிடிக்காது. அப்புறம் பாதி சுருட்டை, பாதி தொடப்பம்னு உங்க கண்காட்சியில வந்து நிப்பா.

– மன்னிக்க வேண்டும், அம்மணி. சாத்திவிட்டேன். யூரிம் இங்கேதான் இருப்பார் என்று பஸ் நிறுத்தத்தில் சொன்னார்கள். அதனால் வாசலிலிருந்தே படித்துக்கொண்டு வந்தேன். எங்கே அவர்?

– மூணாவது நாற்காலி, நம்குங் சார். தலை பூரா கிளிப்பு.

– நீங்களா! எனக்கு அடையாளமே தெரியவில்லை. எத்தனை முறை போன் செய்தேன்! நாளை மறுநாள் சியோலில் திறப்பு விழா. புத்தகம் அச்சாகிவிட்டது. சுவரில் எழுதப் போகும் வாசகத்துக்கு உங்கள் ஒப்புதல் மட்டும்தான் பாக்கி. அதற்காக ரயில் ஏறி, பஸ் மாறி, இந்த ஹேனாம் வயல்காட்டுக்கு நானே வந்திருக்கிறேன்.

– காதுமேல பிளாஸ்டிக் தொப்பி சார். போன் அடிச்சது கேக்கல.

– தொப்பி இல்லேன்னா மட்டும் எடுத்துக் கிழிச்சிருப்பா. சார், நான் சுன்டொக். இந்தத் தலை அலங்காரக் கடை என்னுது. இந்த ஊர்த் தலை எல்லாம் என் கையிலதான். போன வருஷம் ஊரே சேந்து குளிர்காலத்துக்குக் கோஸ் ஊறவச்சுக் கிம்ச்சி போட்டோமே, அன்னைக்கு நீங்க வந்திருந்தீங்க. இதே வெள்ளை மஃப்ளர். மறந்துடுவேனா? உக்காருங்க. அடுப்புல சர்க்கரைவள்ளி வெந்திருக்கு, ஒண்ணு எடுத்துக்கங்க.

– வேண்டாம், அம்மணி. திறப்பு விழா முடியும்வரை நான் விரதம். அதாவது, இல்லாமையைப் பற்றி எழுதுகிறவன் வயிற்றையும் இல்லாமையாக வைத்திருக்க வேண்டும். போன வருஷமும் அப்படித்தான் வந்தேன். முன்னுரையின் மூன்றாம் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

– ஆமாமா. நான் ஒரு வாய் நீட்டினேன், நீங்க வேண்டாம்னு கும்பிட்டுட்டீங்க. சரி, அந்த ‘எவரும் இல்லை’ன்னு படிச்சீங்களே, அது எந்த ஊர் முத்தம்?

– இந்த ஊர்தான். பொங்னே அம்மாளின் முற்றம். கண்காட்சியின் சிகரமே அந்தப் படம்தான். ‘யாருமற்ற முற்றம், எண் ஒன்பது.’

– பொங்னே வீட்டுலயா யாரும் இல்ல? நாங்க பதினோரு பொம்பளைங்க இருந்தோமே சார்! தொண்டை கிழியக் கத்திக்கிட்டு! நாலு வீடு தள்ளி இருக்கற ஆளு வந்து, என்ன கிம்ச்சி போடறீங்களா இல்ல சண்டை போடறீங்களான்னு கேட்டுட்டுப் போனான்.

– படத்தில் இல்லை, அம்மணி. கலைக்கு அதுதான் கணக்கு. கவனியுங்கள்: எண் ஒன்று முதல் ஒன்பது வரை, ஏழு ஆண்டு உழைப்பு, ஓர் ஆள் கிடையாது. சிவப்பு ரப்பர் கையுறை உண்டு, கை கிடையாது. தரையில் ஒரு பஞ்சுத் திண்டு உண்டு, உட்கார்ந்தவர் கிடையாது. ‘இருப்பைத் துறந்த இருக்கை’ என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

– எந்தத் திண்டு? பச்சையில பூப்போட்டது, ரெண்டு பக்கமும் எலாஸ்டிக் வச்சதா?

– அதேதான். முன்பே பார்த்திருக்கிறீர்களா?

– அது என் திண்டு சார். தொடையில மாட்டிக்கிட்டு வேலை செய்யற இடத்துல எல்லாம் உக்கார்றது. எந்திரிச்சா கூடவே ஒட்டிக்கிட்டு வரும். அன்னைக்கு ஓடற அவசரத்துல கழண்டு விழுந்துடுச்சு. அது எதையும் துறக்கல.

– ஓடுகிற அவசரமா? எதைக் கண்டு ஓடினீர்கள்?

– நான் சொல்றேன் சார். கேமராவைக் கண்டுதான். எட்டு வருஷம் முன்னாடி நான் இந்த ஊருக்கு வந்ததே இவங்களை எடுக்கத்தான். சும்மா வந்து நின்னா யாரும் சேத்துக்க மாட்டாங்கன்னு கூடவே உக்காந்து கோஸ் வெட்டினேன், உப்புத் தூவினேன், பூண்டு உரிச்சேன். அதுவரைக்கும் சரி. கேமரா ஸ்டாண்டை விரிப்பேன். நிமிந்து பாத்தா முத்தம் காலி. மிச்சம் இருக்கறதை எடுப்பேன்.

– ஆனால் ஏன்? தன் உருவத்தைத் தானே காண அஞ்சும் நவீன மனிதனின் ஆதித் தயக்கமா?

– பெர்ம் போடல.

– புரியவில்லை.

– முடியைச் சுருட்டிப் பெர்ம் போடல சார்! கிம்ச்சி போடற நேரத்துல எவளுக்குத் தலை பாக்க முடியும்? சுருள் எல்லாம் தொங்கிப்போய், வேர்ல வெள்ளை வெளிய எட்டிப்பாத்துக்கிட்டு, அந்த லட்சணத்துல போட்டோவா? அதுவும் இவ கேமரா என்ன சாதாரண கேமராவா? அலமாரி சைஸு. கருப்புத் துணியைப் போத்திக்கிட்டு உள்ள போயிடுவா, பின்பக்கம் மட்டும்தான் வெளிய தெரியும். அது மூக்கு மயிரைக்கூட எண்ணிடும்னு இவளே ஒருநாள் சொன்னா.

– சொல்லியிருக்கக் கூடாது.

– செல்போன்ல எடுடின்னு கெஞ்சினோம். அதுல கன்னத்தை ஒடுக்கி, கண்ணைப் பெரிசாக்கி, இருபது வயசு குறைச்சுத் தரும். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்தாலும் தாடையைச் செதுக்காம ஸ்டூடியோக்காரன் விடறானா? இவ மாட்டேங்கறா. இருக்கறது இருக்கறபடிதான் வேணுமாம். இருக்கறபடி பாக்கறதுக்குத்தான் கடை பூரா கண்ணாடி மாட்டி வச்சிருக்கேனே, அது போதாதா?

– அங்கேதான் அவர் கலைஞர்! ஒரு தூசியைக்கூட அழிப்பதில்லை. ஒரு மயிரிழையைக்கூட மாற்றுவதில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன், பாருங்கள்: ‘திருத்துகிறவன் திருடன்.’

– நல்லா இருக்கு சார். ஆனா எனக்கு இல்லாமை வேண்டாம். ஆளுங்கதான் வேணும்.

– என்ன சொல்கிறீர்கள்?

– ஏழு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கேன். இந்த வருஷம்தான் ஒத்துக்கிட்டாங்க. திறப்பு விழாவுக்கு எல்லாரும் பஸ் பிடிச்சு வராங்க. வாசல்ல நிறுத்தி எடுக்கப் போறேன். பெர்ம் எல்லாம் அதுக்குத்தான்.

– அப்படியானால் உங்களுக்கு எதற்குப் பெர்ம்? எடுக்கப் போகிறவர் நீங்கள் அல்லவா?

– நாங்கதான் சொன்னோம் சார். எங்க தலையில என்ன ஏறுதோ அது இவ தலையிலயும் ஏறணும். இல்லேன்னா வரமாட்டோம். ஊர்ல எல்லாருக்கும் ஒரே சுருட்டைன்னா யார் யாரைப் பாத்துச் சிரிக்கறது?

– தெய்வமே! கவனியுங்கள் யூரிம், இல்லாமையின் கண்காட்சி வாசலில் பெர்ம் போட்ட பதினோரு பெண்கள் வந்து நின்றால் என் முன்னுரை என்ன ஆவது?

– பத்துதான். ஒக்பூன் அக்கா வரல.

– அவ பேரை என் கடையில எடுக்காத யூரிம். பக்கத்து டவுன்ல போய்ப் பெர்ம் போட்டுக்கிட்டாளாம். முப்பது வருஷமா இந்தக் கையில தலையைக் குடுத்தவ. போகட்டும். அங்க மருந்து சரியில்ல. ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கான்னு கேள்விப்பட்டேன். எனக்கென்ன.

– தங்களுக்குள் ஏதேனும் கொள்கை வேறுபாடா, அம்மணி?

– சிப்பி சார்.

– சிப்பியா?

– அன்னைக்கு வேலை முடிஞ்சதும் சாப்பிடலாம்னு ஒரு தட்டு நிறைய வேகவச்ச பன்னியிறைச்சி, ஒரு கிண்ணம் பச்சைச் சிப்பி, பொங்னே வீட்டுப் பலகைமேல மூடி வச்சிருந்தோம். இவ ஸ்டாண்டை விரிச்சா. நாங்க ஓடிப்போய் இவ முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டோம். முன்னாடி இருந்தாத்தானே படத்துல விழுவோம்? அங்க நின்னு, ‘கோஸைக் கொஞ்சம் தள்ளி வை, அந்தக் கையுறையை எடு’ன்னு இவளுக்குப் படம் எடுக்கக் கத்துக் குடுத்துக்கிட்டு இருந்தோம். முடிஞ்சு திரும்பிப் பாத்தா தட்டும் காலி, கிண்ணமும் காலி.

– ஓ.

– பொங்னே வீட்டு நாய் போரி தட்டை நக்கிக்கிட்டு இருந்தான். சரி, இறைச்சியைத் தின்னது அவன். அன்னையிலேருந்து அவனுக்கு எலும்பு கிடையாது, வெறும் சோறுதான். ஆனா நாய் சிப்பி தின்னுமா? ஊர்ல சிப்பின்னா உயிரை விடறவ ஒக்பூன் ஒருத்திதான். நீ தின்னியான்னு கேட்டேன். இல்லேன்னா. அப்ப நாயா தின்னுச்சுன்னேன். ‘என்னை நாயோட சேத்துட்டியே’ன்னு ஏப்ரனைக் கழட்டிக் கோஸ்மேல வீசிட்டுப் போனவதான். தெருவுல எதிர்ல வந்தா வானத்தைப் பாத்துக்கிட்டுப் போறா.

– சிறிய விஷயம்தானே, அம்மணி. மறந்துவிடலாமே.

– சிப்பி சின்னதுதான் சார். என்ன, கிழங்கைக் கையில எடுத்துட்டீங்க? விரதம்னீங்க?

– இதுவா? கை குளிர்கிறது. சூட்டுக்காக வைத்திருக்கிறேன். விஷயத்துக்கு வருவோம். யூரிம், சுவரில் தொங்கப்போகும் படத்தின் போஸ்டரைக் கொண்டுவந்திருக்கிறேன். இதை விரித்துப் பார்த்தால் வாதம் தானாக முடிந்துவிடும். அங்கே இது ஒரு சுவர் முழுக்க வரும். மூலைகளைப் பிடியுங்கள். அந்த மருந்துப் பாட்டிலை மேலே வைக்காதீர்கள்!

– சீப்பை வைக்கறேன் சார், பயப்படாதீங்க. ம். கோஸ் நல்லா விழுந்திருக்கு. பொங்னே தோட்டத்துக் கோஸு எப்பவும் நோஞ்சானாத்தான் இருக்கும், இதுல ராணி மாதிரி உக்காந்திருக்கு. இதோ என் திண்டு. இது அவ மருமக வாங்கிக் குடுத்த புது எவர்சில்வர் அண்டா. தேய்ச்சுத் தேய்ச்சுக் கண்ணைப் பறிக்குது. யூரிம், என் மூக்குக் கண்ணாடியை எடு. அண்டா வயித்துல என்னமோ ஊர்வலம் போகுது.

– ஒளிப் புள்ளிகள், அம்மணி. ‘பிரபஞ்சத்தின் நுண்துகள்கள்’ என்று எழுதியிருக்கிறேன். பக்கம் ஏழு.

– நுண்துகள் ஒண்ணு தலையில பூப்போட்ட துணி கட்டியிருக்கே சார்.

– அது ஒளியின் சிதறல்.

– ஒளி இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிக்குமா? நாசமாப் போச்சு! யூரிம், இது நாங்கடி! அண்டாவுக்குள்ள நாங்க எல்லாரும் நிக்கறோம்!

– எங்க? இருங்க, கிளிப்போட வரேன். அய்யோ. அக்கா! அய்யோ அக்கா!

– ஏண்டி சிரிக்கற? ஏண்டி குதிக்கற? மருந்து கண்ணுல வழியப் போகுது!

– எல்லாரும் இருக்கீங்க! நடுவுல கருப்பா மூட்டை மாதிரி நான். சுத்தி நீங்க எல்லாரும். ஏழு வருஷம்! ஏழு வருஷமா நான் முன்னாடி தேடிக்கிட்டு இருந்தேன், நீங்க பின்னாடி நின்னு விழுந்திருக்கீங்க.

– எடுத்தவ உனக்கே தெரியாதா?

– கேமராக் கண்ணாடியில எல்லாம் தலைகீழாத் தெரியும். நான் கோஸைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கையளவு பிரிண்ட்ல அண்டா வெறும் பளபளப்புத்தான். சுவரளவுக்குப் பெரிசாப் போட்டது நம்குங் சார்தான். அவருக்குத்தான் நன்றி சொல்லணும்.

– நன்றி கிடக்கட்டும். சுவரளவுன்னா என் தலை எவ்வளவு பெரிசா வரும்? வேர்ல இருக்கற வெள்ளை சியோல் பூரா தெரியுமா? என் தலையெழுத்து, ஊர்த் தலைக்கெல்லாம் பெர்ம் போடறவ தலை இப்படியான்னு கேக்க மாட்டாங்க?

– தெரியாது அக்கா. பாருங்க, முகம் எல்லாம் கலங்கி இருக்கு. என் கேமராவுக்கு நாலஞ்சு நொடி வேணும். அசையாதீங்கன்னு நான் கத்துவேன், நீங்க பேசிக்கிட்டே இருப்பீங்க. அசைஞ்சா கலங்கிடும்.

– அப்படியா? அட, ஆமா. களி கிண்டின மாதிரி இருக்கு. ஆனா நான் நான்தான்னு தெரியுது. பொங்னேயைப் பாரு, அவ தலை என்னுதைவிட மோசம். சரி, கொஞ்சம் மனசு ஆறுது. என்ன சார், பையிலேருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அண்டாவையே பாக்கறீங்க? மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்திருச்சு?

– அழித்துவிடலாம்.

– எதை சார்?

– இதை. இந்த அண்டாவின் வயிற்றை. சியோலில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், இன்று மாலைக்குள் முடித்துவிடுவார். அண்டா அண்டாவாகவே இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

– ‘திருத்துகிறவன் திருடன்.’

– அது பொதுவாகச் சொன்னது, யூரிம்.

– தடிச்ச எழுத்துல சொன்னீங்க.

– எழுத்து தடித்திருந்தால் அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்மணி, நீங்களே சொல்லுங்கள். பெர்ம் இல்லாத தலையோடு சியோல் சுவரில் தொங்க உங்களுக்கு விருப்பமா? நான் உங்கள் பக்கம்தான் பேசுகிறேன்.

– அது நியாயம்தான். அழிக்கறதுன்னா எப்படி சார்? தலையை மட்டும் கொஞ்சம் கறுப்பாக்கி, கன்னத்தை ஒடுக்கி, அப்படியா?

– இல்லை. மொத்தமாக.

– மொத்தமான்னா?

– ஒருவரும் இருக்க மாட்டீர்கள். சுத்தமாக இருக்கும்.

– எங்களை எடுத்துட்டா சுத்தமா இருக்குமா?

– அந்தப் பொருளில் சொல்லவில்லை...

– எந்தப் பொருள்ல சொன்னீங்க? கேட்டுக்கங்க சார். அந்தக் கோஸை நட்டது நாங்க. பிடுங்கினது நாங்க. உப்புப் போட்டு விடியற வரைக்கும் புரட்டிப் போட்டது நாங்க. அண்டாவைத் தேய்ச்சது பொங்னே. கோஸு சியோல் போகலாம், அண்டா போகலாம், என் பின்பக்கத் திண்டு போகலாம், நாங்க மட்டும் போகக் கூடாதா? நாங்களா ஓடினா அது எங்க இஷ்டம். எங்க தலை, எங்க வெக்கம். நீங்க தொடைச்சுப் போட நாங்க என்ன கறையா?

– அம்மணி, கோபப்படாதீர்கள். யூரிம், நீங்களாவது புரிந்துகொள்ளுங்கள். புத்தகம் அச்சாகிவிட்டது. இருபத்திரண்டு பக்கம்! ‘எவரும் இல்லை’ என்று எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது பதினோரு பேர் அண்டாவிலிருந்து எட்டிப் பார்த்தால் நான் எங்கே போவேன்?

– முன்னுரையைத் திருத்துங்க சார்.

– நான் எழுதியதில் ஒரு சொல்லையும் திருத்த மாட்டேன்!

– நான் எடுத்ததுல ஒரு சுருளையும் திருத்த மாட்டேன். அண்டாவுல ஒரு முடி குறைஞ்சாலும் படம் சுவர்ல ஏறாது. ஒன்பதும் ஏறாது. பேரையும் மாத்தணும். ‘பொங்னே வீட்டு முற்றம்.’ அவ்வளவுதான், எண் எல்லாம் வேண்டாம்.

– அப்படிச் சொல்லுடி! கிளிப்பு மாட்டின தலையோட சொன்னாலும் என்ன கம்பீரமா இருக்கு! சார், தோலை உரிச்சுட்டுத் தின்னுங்க. அது மூணாவது கிழங்கு.

– நான் ஒன்றும்... இது எப்படி என் வாயில் வந்தது?

– மனசு சரியில்லேன்னா கை தானா அடுப்புப் பக்கம் போகும் சார், எனக்கும் அப்படித்தான். பார்லித் தண்ணி குடிங்க, விக்கப் போகுது. யூரிம், எல்லாரும் இருக்காங்களான்னு எண்ணிப் பாத்துடறேன். எவளாவது விட்டுப்போயிருந்தா பஸ்ல சண்டை வரும். இது பொங்னே. இது அவ மருமக. இந்தத் தொப்பி யாருன்னு எனக்குத் தெரியும். இது நான். என் தோள்மேல யாரு இது ரெண்டு கையை வச்சுக்கிட்டு நிக்கறது?

– யாருக்கா?

– ஒக்பூன். எட்டிப் பாக்கறதுக்கு என்னைப் படிக்கட்டு மாதிரி பிடிச்சுக்கிட்டு நிக்கறா. ஆமா. ஓடி வந்ததுலேருந்து படம் முடியற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்ல. கனக்குதடி எடுன்னுகூடச் சொன்னேன். எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது.

– ரெண்டு கையும் தோள்மேல இருந்தா சிப்பியை எந்தக் கையால தின்னாங்க?

– அதைத்தான் நானும் பாக்கறேன். அடப் பாவி. நானே அவளை... இதையா சார் அழிக்கச் சொன்னீங்க? இரு, மிச்சத்தை எண்ணிடறேன், கண்ணு கலங்குது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு. நடுவுல கருப்பு மூட்டை நீ. சரியாப் போச்சு. அப்ப இது யாரு?

– எது?

– எங்க எல்லாருக்கும் பின்னாடி. பலகைகிட்ட குனிஞ்சுக்கிட்டு. போரியா?

– போரி என் செருப்புமேல படுத்திருந்தான் அக்கா, துணிக்குள்ள. குளிருக்கு. இதோ, அவன் வால் வெளிய தெரியுது பாருங்க. படம் முடிஞ்சு நான் துணியைத் தூக்கினப்பதான் எந்திரிச்சுப் பலகைப் பக்கம் போனான்.

– அப்ப தட்டு அதுக்கு முன்னாடியே காலியா? ஒரு வருஷமா அந்த நாய்க்கு எலும்பு இல்லாம...

– அம்மணி, எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. யூரிம், எல்லாவற்றுக்கும் சம்மதம். ஆட்கள் இருக்கட்டும், பெயர் மாறட்டும், முன்னுரையையே எடுத்துவிடுகிறேன். போஸ்டரை மட்டும் சுருட்டிக்கொள்கிறேன், கையை எடுங்கள்.

– நீங்க கையை எடுங்க சார். யூரிம், எங்க மூஞ்சி எல்லாம் களி. இந்த ஆளு மட்டும் எப்படிடி செதுக்கி வச்ச மாதிரி இருக்கான்?

– அசையாதீங்கன்னு கத்தினேன்ல அக்கா. எட்டு வருஷத்துல அதைக் கேட்டு நின்ன ஒரே ஆள் இவர்தான். தூக்கின கை தூக்கினபடி, தொறந்த வாய் தொறந்தபடி, நாலஞ்சு நொடி. அதான் இவ்வளவு துல்லியம்.

– கழுத்துல வெள்ளையா என்னமோ சுத்தியிருக்கே?

– மஃப்ளர்.

– சார், இறைச்சி போனாப் போகுது. பஸ்ல வரும்போது ஒரு சட்டி வேகவச்சு எடுத்துட்டு வரேன், வயிறார உக்காந்து தின்னுங்க. போரிக்கு நாளைக்கு எலும்பு போட்டுக்கறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். முப்பது வருஷ சிநேகிதம், ஒக்பூனைக் கூப்பிடப் போன் கையிலயே வச்சிருக்கேன். அந்தச் சிப்பி?

– சிப்பியும் நான்தான் தின்னேன்.